குடிபெயரும் கணினி: விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறும் முடிவு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

கணினித் திரையில் ஒரு நாள் அந்த அறிவிப்பு வந்து நிற்கிறது. புதிய பதிப்பு தயார், இப்போதே நிறுவலாமா என்று கேட்கிறது. ஒரு சாரார் படிக்காமலே 'சரி' என்று அழுத்துகிறார்கள். மறு சாரார் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். இரண்டுமே கையின் பழக்கங்கள். முடிவு என்று சொல்லத்தக்கது எதுவும் அங்கே நடப்பதில்லை. அந்த முடிவை எதன் அடிப்படையில் எடுப்பது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

விண்டோஸ் 10இலிருந்து விண்டோஸ் 11க்குப் பெயர்வது ஒன்றையே சான்றாகக் கொள்கிறேன். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5. பழைய வீட்டுக்குக் காலக்கெடு இருக்கிறது, புதிய வீட்டு வாசலிலோ காவல் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் இவ்வளவு கடுமையாக அமைந்தது அரிது என்பதால் சான்றாக எடுத்துக்கொள்ள இது வசதியானது. கைப்பேசிகளும் சர்வர்களும் ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

கருதுகோள் இது: புதிய பதிப்பில் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது. கணினியோடு இணைந்து வேலை செய்பவற்றுள் மிகப் பழையது எது, பெயர்ந்த பின் திரும்பி வர வழி உண்டா என்ற இரண்டு கேள்விகளே முடிவைத் தருகின்றன.

2. 'அப்டேட்' என்ற சொல்லின் இரு பொருள்

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றுவதும், அந்த வீட்டையே காலி செய்து வேறு தெருவுக்குப் போவதும் கணினி உலகில் ஒரே பெயரால், 'அப்டேட்' என்று, வழங்குகின்றன. முன்னதை இங்கே பழுதுநீக்கம் என்றும் பின்னதைப் பெயர்வு என்றும் குறிக்கிறேன்.

பழுதுநீக்கம் மாதந்தோறும் வருவது. மைக்ரோசாப்ட் 2003 முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை அதற்கென ஒதுக்கியிருக்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் அன்று அடைக்கப்படுகின்றன. பெயர்வு என்பது இயங்குதளத்தின் அடித்தளமே மாறுவது. கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருப்பதுபோல் தோன்றினாலும், அவை உட்கார்ந்திருக்கும் தரை வேறாகிவிடுகிறது.

பெயரைப் பார்த்து அளவை அறிய முடியாது என்பதற்கு விண்டோஸ் 11இன் இரண்டு பதிப்புகளே சாட்சி. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பு முழு இயங்குதளத்தையும் மாற்றி நிறுவியது. மணிக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த 25எச்2 பதிப்போ, ஏற்கெனவே கணினிக்குள் வந்து உறங்கிக்கொண்டிருந்த மாற்றங்களை எழுப்பும் ஒரு சிறு சாவி. பெயர் வைக்கும் முறை ஒன்றே என்றாலும் பளு ஒன்றல்ல. ஆகவே 'எந்தப் பதிப்பு' என்று கேட்பதைவிட 'எவ்வளவு மாறுகிறது' என்று கேட்பதே பயன்தரும்.

3. தங்கியிருப்பதன் கேடு

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துவிட்ட விண்டோஸ் எக்ஸ்பியைப் பிடித்துத் தொங்கியதால் வந்த வினை என்றே அப்போது பரவலாகப் பேசப்பட்டது. இன்றும் புதுப்பிப்பை வலியுறுத்துவோர் இந்தச் சம்பவத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆனால் பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். விண்டோஸ் 7க்கு அப்போது ஆதரவு உண்டு. 2020 ஜனவரி வரை இருந்தது. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் பழுதுநீக்கத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாள்கள். அந்தக் கணினிகளைக் கைவிட்டது பழைய இயங்குதளம் என்று சொல்ல முடியாது. மாதாந்தரப் பழுதுநீக்கத்தை ஏற்காமல் விட்டதே வினையாயிற்று. பெயர்வைத் தள்ளிப்போட்டவர்கள் அன்று தப்பினார்கள், பழுதுநீக்கத்தைத் தள்ளிப்போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதன் விலை இதுதான்.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. பழுதுநீக்கம் வந்துகொண்டிருக்கும் வரை பழைய வீட்டில் தங்கலாம். அது நின்ற நாள் முதல் தங்குவது ஒவ்வொரு மாதமும் கூடுதல் ஆபத்தாகிறது, ஏனெனில் புதிய பதிப்பில் அடைக்கப்படும் ஓட்டைகளைப் பார்த்தே பழைய பதிப்பில் எங்கே துளை இருக்கிறது என்று கள்வர்கள் அறிந்துகொள்வார்கள். கணினி முன்போலவே ஓடும். ஓடுவதால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

4. பெயர்வதன் கேடு

எதிர்ப்பக்கத்துச் சான்று 2018 அக்டோபரைச் சேர்ந்தது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு அக்டோபர் 2ஆம் தேதி வெளிவந்தது. நிறுவிய சிலர் தங்கள் ஆவணங்களையும் படங்களையும் காணவில்லை என்று முறையிட்டார்கள். சில நாள்களில் மைக்ரோசாப்ட் விநியோகத்தை நிறுத்தியது. குறை தீர்த்து மறுபடி விட்டது நவம்பர் 13இல்.

நடந்தது என்ன என்று பார்த்தால், நம்மூர்ப் பழக்கம் ஒன்று அதில் சிக்குகிறது. 'சி டிரைவில் எதையும் வைக்காதே, டி டிரைவில் வை' என்பது கணினி விற்பவர் முதல் பழுது பார்ப்பவர் வரை நமக்குச் சொல்லும் அறிவுரை. அதன்படி சிலர் 'டாக்குமெண்ட்ஸ்' போன்ற கோப்புறைகளையே வேறு டிரைவுக்குத் திருப்பி அமைத்திருப்பார்கள். அப்படி அமைத்தபோது பழைய இடத்தில் இருந்த கோப்புகளை நகர்த்தாமல் விட்டால் அவை அங்கேயே கிடக்கும். 1809 பதிப்பில் ஒரு நிரல், திருப்பி அமைத்த பின் பழைய இடத்தில் மிஞ்சும் வெற்றுக் கோப்புறைகளைக் கூட்டிப் பெருக்கும் வேலையைச் செய்தது. கோப்புறை உண்மையிலேயே வெற்றுதானா என்று அது பார்க்கவில்லை. வீடு மாற்றும்போது, காலி என்று நினைத்துப் பரணை அப்படியே குப்பையில் கொட்டியதற்கு ஒப்பானது இது. பாதிக்கப்பட்டோர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை, பத்தாயிரத்தில் ஒருவர் அளவே முறையிட்டதாக மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. அந்த ஒருவருக்கு அது நூற்றுக்கு நூறு.

முன்கூட்டிச் சோதித்த தன்னார்வலர்கள் சிலர் இந்தக் குறையை வெளியீட்டுக்கு முன்பே தெரிவித்திருந்தார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. குவிந்திருந்த முறையீடுகளுக்கிடையே அது கவனம் பெறவில்லை. பெருமளவில் விநியோகமாகும் முதல் வாரமே உண்மையான சோதனைக்களம் என்ற முடிவுக்கே இது நம்மை இட்டுச்செல்கிறது. நானும் நீங்களும் அதில் சேர வேண்டுமா என்பது நம் விருப்பம்.

விருப்பம் என்றேன். 2016இல் அதுகூட இருக்கவில்லை. விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் 'விண்டோஸ் 10 பெறுங்கள்' என்ற அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அதன் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் பெயர்வு நடக்கும்படி அமைத்துவிட்டார்கள். மூடுவது என்றால் வேண்டாம் என்று பொருள் கொள்ளும் இருபது ஆண்டுப் பழக்கத்தை அவர்களே உருவாக்கி, அவர்களே முறித்தார்கள். தன் தொழில் கணினி கெட்டதாக வழக்குப் போட்ட கலிபோர்னியப் பெண் ஒருவருக்கு 10,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. இன்றும் பலர் எந்த அறிவிப்பையும் படிக்காமல் மூடுவதன் வேர் அந்த ஆண்டில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

5. வாசற்காவல்

விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் போதும் என்கிறார்கள். 4 ஜிபியில் அது நகரும், வேலைக்கு ஆகாது. 8 ஜிபிக்குக் குறைந்து முயல வேண்டாம். காவல் வேறு இடத்தில் இருக்கிறது: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதி, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தையது, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அளவில் தொடங்குவது. மைக்ரோசாப்ட் தானே விற்றுக்கொண்டிருந்த சர்பேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் ஏழாம் தலைமுறைச் செயலி இருந்தது. அதற்காக அந்தச் செயலிக்கும் கதவு சற்றே திறந்தது.

டிபிஎம் இல்லை என்று திரை சொன்னால் உடனே நம்பிவிடக் கூடாது. பல கணினிகளில் அது செயலிக்குள்ளேயே இருந்து, பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். செயலியின் தலைமுறைக்கு அப்படிப்பட்ட மாற்று வழி கிடையாது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறை 2017 ஆகஸ்டில்தான் வந்தது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியது. அதன் முதல் ஆறு ஆண்டுகளில் மாணவர் கைக்குப் போன கணினி எதுவும் இந்த வாசலைக் கடக்காது. காவலை ஏமாற்றி நிறுவும் வழிகள் உண்டு. அப்படி நிறுவிய கணினிக்குப் பழுதுநீக்கம் வரும் என்ற உறுதியை மைக்ரோசாப்ட் தரவில்லை. பழுதுநீக்கத்துக்காகத்தானே வீடு மாறுகிறோம்?

6. மிகப் பழைய பொருளின் அதிகாரம்

கருதுகோளின் மையம் இந்தப் பகுதிதான். பெயர்வைப் பற்றி யோசிப்பவர் கணினியைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது கணினிக்குப் பின்னால் செருகியிருக்கும் கம்பிகளை.

தமிழ் அச்சுக் கோப்பு செய்யும் ஒரு டிடிபி கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே இன்னமும் பேஜ்மேக்கர் 7.0 ஓடுகிறது. அது 2001இல் வந்தது. 2004இல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்தியது. யூனிகோடு அதற்குத் தெரியாது. ஆகவே பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு நடக்கிறது. அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் குடியிருக்கின்றன. கோப்பைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது பொருளற்ற ஆங்கிலக் குவியல். எழுத்துரு கூட இருந்தால் மட்டுமே அது தமிழ். அந்த எழுத்துருவோடு ஒரு விசைப்பலகை மென்பொருள் உண்டு, சில கடைகளில் அதைத் திறக்க யூஎஸ்பியில் செருகும் டாங்கிள் ஒன்றும் உண்டு. இருபது ஆண்டு நூல்கள், திருமண அழைப்பிதழ்கள், கோயில் மலர்கள் எல்லாம் அந்த வடிவிலேயே கிடக்கின்றன.

இக்கடை விண்டோஸ் 11க்குப் போகலாமா? 32 பிட் நிரலான பேஜ்மேக்கர், கொஞ்சம் முரண்டு பிடித்தாலும், பெரும்பாலும் ஓடிவிடும். எழுத்துருக்களும் வரும். சிக்கல் டாங்கிளில். அது வேலை செய்ய டிரைவர் வேண்டும். 64 பிட் விண்டோஸ் கையொப்பமிடாத டிரைவரை ஏற்காது. விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. டாங்கிளைச் செய்த நிறுவனம் புதிய டிரைவர் தராமல் கடையைக் கட்டியிருந்தால், அங்கே முடிவெடுப்பவர் கடைக்காரரோ மைக்ரோசாப்டோ அல்ல. கட்டைவிரல் அளவுள்ள அந்தப் பிளாஸ்டிக் துண்டே முடிவை எடுக்கிறது.

மளிகை மொத்த வியாபாரக் கடைகளில் இதே இடத்தில் டாஸ் காலத்து பாக்ஸ்புரோ கணக்கு நிரல் நிற்கும். 16 பிட் நிரல்கள் 32 பிட் விண்டோஸ் 10இல் ஓடின. 64 பிட் விண்டோஸ் எதிலும் அவை நேரடியாக ஓடா. கூடவே கார்பன் தாள் வைத்து மூன்று படி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருந்தால், அதன் டிரைவரையும் விசாரிக்க வேண்டும். வழக்கறிஞர், ஆடிட்டர் அலுவலகங்களில் டிஜிட்டல் கையொப்ப டோக்கன். ஆய்வகங்களில் கருவியோடு வந்த பழைய மென்பொருள். மருத்துவமனை ஸ்கேன் கருவியோடு வந்த கணினியை, கருவி தந்தவர் எழுத்தில் சம்மதம் தராமல் தொடவே கூடாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: பழம்பொருளுக்காகப் புதுமையை நிறுத்துவது எந்த அளவுக்குச் சரி? பழம்பொருளுக்கு அதிகாரம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். அந்த அதிகாரம் என்றும் நீடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தமிழுக்கு யூனிகோடு ஆதரவு விண்டோஸ் 2000 முதலே உண்டு. இன்டிசைன் சிஎஸ்6 வந்த 2012 முதல் யூனிகோடு தமிழில் பக்க வடிவமைப்புச் செய்ய முடிகிறது. தமிழ்99 விசைப்பலகை 2019 முதல் விண்டோஸிலேயே வருகிறது. பழைய கோப்புகளை மாற்றும் கருவிகளும் இருக்கின்றன. இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் கோப்புகளை மாற்ற வேண்டும் என்ற வரிசைதான் முக்கியம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்துவிட்டு, அச்சுக்குப் போகும் நாளில் திரையில் கட்டம் கட்டமாக எழுத்துகளைப் பார்த்து நிற்கிறார்கள்.

7. திரும்பும் வழி

விண்டோஸ் 11க்குப் பெயர்ந்த கணினியில் பழைய இயங்குதளம் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறையில் பத்து நாள் உறங்குகிறது. அதற்குள் பிடிக்கவில்லை என்றால் 'அமைப்புகள்' பகுதி வழியே திரும்பிப் போகலாம். பத்து நாளுக்குள் ஒரு கட்டளை தந்து இந்தக் கெடுவை அறுபது நாள் வரை நீட்டவும் முடியும் என்பது பலருக்குத் தெரியாது. இடம் போதவில்லை என்று வட்டைச் சுத்தம் செய்தால் அந்தக் கோப்புறையும் போகும், வழியும் போகும். இடையில் நிறுவிய மென்பொருள்கள் திரும்பும்போது உடன் வரமாட்டா. பத்து நாளில் மாத முடிவுக் கணக்கு வராது, ஜிஎஸ்டி தாக்கல் வராது. சிக்கல் தெரியவரும்போது கெடு கடந்திருக்கும். அதனால் முதல் நாளே அறுபதாக நீட்டி வையுங்கள்.

இந்த வழி பாதி வழிதான். முழு வழி என்பது பேக்கப். மேலே சொன்ன டி டிரைவ் பழக்கத்தைப் பற்றி இங்கே கறாராகச் சொல்ல வேண்டும்: பெரும்பாலும் ஒரே வட்டைச் சுவர் வைத்துப் பிரித்ததுதான் டி டிரைவ். வட்டு செத்தால் இரண்டு அறையும் சேர்ந்து சாகும். அதைப் பேக்கப் என்று கணக்கில் வைக்காதீர்கள். கணினியிலிருந்து கழற்றி எடுத்து அலமாரியில் வைக்கும் வேறொரு வட்டு வேண்டும். அதிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே அதற்குப் பேக்கப் என்று பெயர். பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கம் போட்ட கணினியானால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். பயாஸில் டிபிஎம் அமைப்பைத் தொட்டதும் கணினி கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கக்கூடும்.

8. எவ்வளவு காத்திருப்பது

24எச்2 வந்தபோது குறிப்பிட்ட சில ஒலி மென்பொருள்கள், விளையாட்டுகளில் ஏமாற்றைத் தடுக்கும் நிரல்கள், வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில எஸ்எஸ்டி வகைகள் ஆகியவற்றோடு மோதல் கண்டது. அப்படிப்பட்ட கணினிகளுக்கு அந்தப் பதிப்பைக் கொடுக்காமல் மைக்ரோசாப்ட் தானே தடை போட்டு வைத்தது. 'உங்கள் கணினிக்கு இன்னும் தயாராகவில்லை' என்று திரை சொன்னால் அது பெரும்பாலும் இந்தத் தடை. அதை மீறி வேறு வழியில் தரவிறக்கி நிறுவுவது, பூட்டிய பாலத்தில் வேலி தாண்டி நடப்பது.

லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு இயங்குதளம் இந்தக் காத்திருப்பை விதியாகவே வைத்திருக்கிறது. இரட்டைப்படை ஆண்டு ஏப்ரலில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும். முந்தைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு அதை உடனே நீட்டுவதில்லை; சில மாதம் கழித்து முதல் திருத்தப் பதிப்பு வந்த பின்பே நீட்டுகிறார்கள். 2024இல் அந்தத் திருத்தப் பதிப்பு வந்த பின்னும் ஒரு குறை கண்டு சில நாள் நிறுத்திவைத்தார்கள். செய்பவர்களே மூன்று நான்கு மாதம் பொறுக்கச் சொல்லும்போது பயனர் அவசரப்படுவதற்கு நியாயமில்லை.

நாளும் பார்க்க வேண்டும். ஆடியில் வீடு மாறத் தயங்குபவர்கள், மார்ச் மாதக் கணக்கு முடிவிலும் செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரத்திலும் கூசாமல் இயங்குதளம் மாற்றுகிறார்கள். அடுத்த இரண்டு நாளில் அவசர வேலை எதுவும் இல்லாத வெள்ளிக்கிழமை மாலையைவிட நல்ல முகூர்த்தம் இதற்குக் கிடையாது.

9. முடிபு

வாசலைக் கடக்கும் கணினி, பழம்பொருள் எதுவும் இணைக்காத வீட்டுப் பயன்பாடு: பேக்கப் எடுத்துக்கொண்டு விண்டோஸ் 11க்குப் பெயருங்கள். இனியும் தங்குவதற்குக் காரணம் இல்லை. பணிப்பட்டையின் தோற்றம் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. அது ஒரு மாதத்தில் பழகும்.

வாசலைக் கடந்தும் பழம்பொருளோடு கட்டுண்ட கடைகள்: பழம்பொருளை முதலில் விடுவியுங்கள். முடியாத இடத்தில், பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறு கணினி வையுங்கள்.

வாசலைக் கடக்காத கணினிகள்: இணையமும் கடிதமும் மட்டும் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போன்றது நல்ல குடியிருப்பு, தமிழ்99 அங்கேயும் உண்டு. விண்டோஸே வேண்டும் என்பவர்களுக்கு நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பில் இருந்துகொண்டு மைக்ரோசாப்ட் கணக்கால் அதில் பதிந்துகொள்ள வேண்டும். அமைப்புகளை அவர்களுடைய மேகக்கணிமையில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் இல்லை. இல்லாவிட்டால் 30 டாலர். இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்யும் கணினி ஆறாம் தலைமுறைச் செயலி கொண்டது. வாசலில் நிறுத்தப்பட்ட அதை நான் அத்திட்டத்தில்தான் பதிந்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக் கணினிகளுக்கு அத்திட்டத்தின் கடைசி நாளாக அறிவிக்கப்பட்டிருப்பது 2026 அக்டோபர் 13. அது அம்மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை.